பில்டர் ஒழுகுதா? ஸ்பேனரை எடுக்கும் முன் படிங்க

தண்ணீர் பில்டர் ஒழுகத் தொடங்கினால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, அடியில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை வைப்பது. அடுத்தது, கைக்கு எட்டியதைப் பிடித்து இறுக்குவது. இரண்டுமே வேண்டாம். டப்பாவில் தேங்கும் தெளிந்த நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அந்த முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வரும் நாளில் அந்த டப்பாவில் புழு நெளிந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் அபராதம் கட்ட வேண்டிவரும். டப்பா வைத்தே ஆகவேண்டும் என்றால் தினமும் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். இறுக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் சின்ன ஒழுக்கு பெரிய ஒழுக்காவது பெரும்பாலும் அதனால்தான்.

அதற்கு முன், பில்டருக்கு வரும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். போர்ட் டிக்சன் வட்டாரத்தில் உள்ள நம் புக்கிட் பெலண்டோக் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 1998, 1999இல் வந்த நிப்பா நோய். அந்தக் கிருமிக்கே இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான். அது பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது, குழாய்த் தண்ணீரால் வந்ததல்ல. பில்டர் விற்க வருபவர் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேசினால் தாராளமாகக் கதவைச் சாத்தலாம். நெகிரி செம்பிலானில் குழாய் நீர் தருவது சாயின்ஸ் நிறுவனம். போர்ட் டிக்சன் வட்டாரத்துக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு லிங்கி ஆற்று நீர். அதைச் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்கலாம் என்கிறது சுகாதார அமைச்சின் தரவிதி. இந்தக் குளோரினை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒழுகும் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

ஒழுகுவது யார் பொறுப்பு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தாமான் வீடு என்றால் மீட்டருக்கு முன்னால் உள்ள கசிவு சாயின்ஸ் பொறுப்பு, மீட்டருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் உங்கள் பொறுப்பு. தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் என்றால் கணக்கு வேறு. தொழிலாளர் வீடுகளுக்கு இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்த் தண்ணீர் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. சுவரில் உள்ள குழாய், அதற்கு வரும் பைப், இவை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. அங்கே ஒழுகினால் ஆபீசில் சொல்ல வேண்டும். அந்தக் குழாயிலிருந்து நீங்களாக இழுத்து மாட்டிய பில்டர் ஒழுகினால் அது உங்கள் பாடு.

இனி வேலைக்கு வருவோம். சுடுநீர், குளிர்நீர் தரும் மின்சார மெஷின் என்றால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கே நனைந்திருந்தால் கையால் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். அடுத்து, பில்டருக்குத் தண்ணீர் போகும் சின்ன வால்வை மூடுங்கள். சிங்க்கின் அடியில் நீலமோ சிவப்போ கைப்பிடி வைத்த வால்வு அது. கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். அப்படி ஒரு வால்வே இல்லாமல் பில்டரை மாட்டிக் கொடுத்திருந்தால், மாட்டியவர் அரைகுறை வேலை செய்திருக்கிறார். ரிப்பேரோடு சேர்த்து அதையும் போட்டுவிடுங்கள்.

மூடியதும் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். பிறகு வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று. மேலே உள்ள மூட்டில் கசிந்து, ஹவுசிங்கின் வெளிப்பக்கமாக ஓடி, அடிமட்டத்தில் போய்ச் சொட்டும். நாம் அடியில் பார்த்துவிட்டு அடியையே திருகிக்கொண்டிருப்போம். எந்தப் பேப்பர் முதலில் நனைகிறதோ அதுதான் குற்றவாளி. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஒழுக்கே இல்லாமல் ஒழுகுவது போல் தெரிவதும் உண்டு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிர்நீர் மெஷினின் பக்கவாட்டிலும் குளிர்ந்த குழாயிலும் வேர்த்து, தரையில் சின்னக் குட்டையாகத் தேங்கும். இது ஒழுக்கு அல்ல. குளிர்விக்கும் சுவிட்சை மட்டும் ஓர் இரவு அணைத்து வைத்தால் நின்றுவிடும். அடிக்கடி இப்படி நடந்தால் மெஷினைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

சிங்க்கின் அடியில் இரண்டு மூன்று உருளைகள் தொங்கும் பில்டர்களில் அதிகம் ஒழுகுவது ஹவுசிங் என்கிற அந்த உருளையின் கழுத்துதான். மேல்மூடிக்கும் கீழ்க்கிண்ணத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது, பெயர் ஓ-ரிங். நீல்ஸ் கிறிஸ்டன்சன் என்கிற டேனிஷ்காரர் அமெரிக்காவில் 1930களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது மரையின் இறுக்கம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மரை கிண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. தடுப்பது ரப்பர். தண்ணீரின் அழுத்தமே அந்த வளையத்தைப் பள்ளத்தின் ஒரு பக்கமாகத் தள்ளி இடைவெளியை அடைக்கிறது. வளையம் நல்ல நிலையில் இருந்தால் கையால் திருகிய இறுக்கமே போதும். வளையம் கெட்டுவிட்டால் எத்தனை ஸ்பேனர் போட்டும் பயனில்லை. பிளாஸ்டிக் மரைதான் விண்டுபோகும், அப்போது சில ரிங்கிட் வளையத்தோடு முடிய வேண்டிய வேலைக்கு முழு ஹவுசிங்கையே வாங்க வேண்டியிருக்கும்.

வளையம் ஏன் கெடுகிறது? ஆண்டுக்கணக்கில் அழுந்தியே கிடந்ததால் தட்டையாகிவிடும். குளோரின் பட்டுப் பட்டு இறுகி, நெளியும் தன்மையை இழக்கும். இறுகிய ரப்பர் இடைவெளியை அடைக்காது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்கும் அடிக்காரணம், குளிரில் இறுகிப்போன ஓ-ரிங்தான். நம் சமையலறையில் குளிர் இல்லை, குளோரினும் வயதும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

கழற்றும் முறை இதுதான். வால்வை மூடி, பில்டரின் குடிநீர்க் குழாயைத் திறந்து, உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ஹவுசிங்கின் தலையில் சிவப்புப் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். அடியில் ஒரு வாளியை வைத்து, பில்டரோடு கொடுத்த பிளாஸ்டிக் வளையச் சாவியால் கிண்ணத்தைத் திருகுங்கள். கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினால் கழலும். ஓ-ரிங்கை விரலால் எடுங்கள். கத்தி நுனியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த ஒழுக்குக்கு வழி. வளையத்தை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, உருண்டையாக இல்லாமல் சப்பையாகிவிட்டிருந்தாலோ மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழைய வளையத்தையும் கையோடு கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கனத்தில் அரை மில்லிமீட்டர் மாறினால் உட்காராது.

வளையம் நன்றாகவே இருந்தால், அதையும் அது உட்காரும் பள்ளத்தையும் கழுவித் துடைத்து, மணல் துகள் இல்லாமல் பார்த்து மாட்டினாலே போதும். பாதி ஒழுக்குகள் கிண்ணத்துக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றிய மறுநாள் தொடங்குபவை. வளையத்தின் மேல் ஒரு மணல் துகளோ முடியோ கிடந்திருக்கும், அல்லது கார்ட்ரிட்ஜ் நேராக உட்காராமல் கிண்ணம் கோணலாக ஏறியிருக்கும். மாட்டும் முன் உணவுக்குரிய சிலிக்கான் கிரீஸைப் பட்டும் படாமலும் தடவுங்கள். சமையல் எண்ணெயும் வாசலினும் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும் என்பது தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓ-ரிங் பால்மரத்து ரப்பர் அல்ல, செயற்கை ரப்பர். அதிலும் ஈபிடிஎம் என்கிற வகைக்கு எண்ணெய் அப்படியே பகை.

கிண்ணத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பசை, சிலிக்கான், எப்பாக்சி எதையும் பூசிப் பார்க்க வேண்டாம். மெயின் பைப்பின் அழுத்தத்தை இரவும் பகலும் தாங்கும் பாத்திரம் அது. ஒட்டிய இடம் நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் விடும். மாற்றிவிடுங்கள்.

உலோகக் குழாய் மரை போட்டு இணையும் இடத்தில் கசிந்தால் டெஃப்லான் டேப் வேண்டும். பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆண் மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக் கடிகார முள் சுற்றும் திசையில் பத்துச் சுற்று போலச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். உள்ளே ரப்பர் வாஷர் வைத்த இணைப்புக்கு டேப் தேவையில்லை. அங்கே ஒழுகினால் வாஷரை மாற்றுங்கள். எதற்கெடுத்தாலும் டேப் சுற்றும் பிளம்பர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வெள்ளையாகவோ நீலமாகவோ ஓடும் மெல்லிய டியூப்பை வெறுமனே உள்ளே தள்ளினால் பிடித்துக்கொள்ளும் இணைப்புகள் வேறு ரகம். உள்ளே சின்னப் பற்கள் டியூப்பைக் கவ்வுகின்றன, அதற்கும் உள்ளே ஓர் ஓ-ரிங் தண்ணீரைத் தடுக்கிறது. இங்கே ஒழுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, டியூப்பைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியிருப்பார்கள். இரண்டு, முழுக்க உள்ளே தள்ளியிருக்க மாட்டார்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாதது. பில்டர் டியூப் பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். கடையில் 6 மில்லிமீட்டர் டியூப்பும் கிடைக்கிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றின் இணைப்பில் மற்றதைச் செருகினால் இன்று நிற்கும், அடுத்த வாரம் சொட்டும். டியூப்பின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

சரிசெய்வது சுலபம். வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, இணைப்பின் வாயில் உள்ள வளையத்தை ஒரு விரலால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு டியூப்பை இழுத்தால் வந்துவிடும். பற்கள் கீறிய நுனியை ஓரங்குலம் போலப் புது பிளேடால் நேராக வெட்டி எறிந்துவிட்டு, முட்டும் வரை தள்ளுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவாவது உள்ளே போகவேண்டும். பிறகு ஒரு தரம் வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. நீலநிறப் பூட்டுக் கிளிப் இருந்தால் மாட்டுங்கள். டியூப் இணைப்பிலிருந்து வெளியே வந்ததுமே சட்டென்று வளைந்து போனாலும் ஒழுகும், சற்று நீளமாக விட்டு நேராக ஓட விடுங்கள்.

இத்தனை நாள் நன்றாக இருந்த பில்டர் திடீரென்று ஒழுகினால், அண்மையில் தண்ணீர்த் தடை வந்ததா என்று யோசியுங்கள். தண்ணீர் நின்று மீண்டும் வரும்போது பைப்பில் புகுந்த காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். குழாய் திறந்ததும் இருமி இருமித் தண்ணீர் துப்புவது அதனால்தான். அந்த அதிர்ச்சியில் ஏற்கெனவே தளர்ந்திருந்த வளையமும் டியூப்பும் விட்டுக்கொடுத்துவிடும், அதோடு வரும் பழுப்பு நீர் கார்ட்ரிட்ஜையும் அடைத்துவிடும். ஆகவே தடை அறிவிப்பு வந்ததும் பில்டர் வால்வை மூடுங்கள். தண்ணீர் வந்த பின் வேறொரு குழாயைத் திறந்து, காற்றும் கலங்கலும் போய்த் தெளிந்த பிறகு பில்டரைத் திறங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ ரிப்பேர்களை மிச்சப்படுத்தும். ஊரே உறங்கும் நேரத்தில் யாரும் தண்ணீர் பிடிக்காததால் பைப்பில் அழுத்தம் ஏறும் என்பதையும் கவனியுங்கள். பகலில் காய்ந்து கிடந்து காலையில் மட்டும் தரை நனைந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றை முன்னால் போட்டால் சரியாகும்.

வாசலில் மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மணல் பில்டரில் கவனிக்க வேண்டியது, கழிவுநீர் வெளியேறும் பைப். பேக்வாஷ் செய்யும்போது மட்டும்தான் அதில் தண்ணீர் வரவேண்டும். கைப்பிடி வழக்கமான இடத்தில் இருக்கும்போதும் அதில் ஒழுகினால், வால்வுத் தலைக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டில் மணல் சிக்கியிருக்கிறது அல்லது அது தேய்ந்துவிட்டது. முதலில் இரண்டு மூன்று முறை பேக்வாஷ் செய்து பாருங்கள், சிக்கிய மணல் போய்விட்டால் நின்றுவிடும். நிற்காவிட்டால் கேஸ்கெட் மாற்றவேண்டும், அதற்கு ஆள் கூப்பிடுவது நல்லது. கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் தண்ணீரை மூடிவிட்டுத் திருப்புங்கள். தண்ணீர் ஓடும்போதே திருப்பினால் கேஸ்கெட் கிழியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒழுக்கு. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் நாளுக்கு நாலு லிட்டர் போலத்தான் போகும். பணத்தைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு, அது ஆர்ஓ மெஷின்களில் இருக்கிறது. உப்பையும் மற்றதையும் பிரித்தெடுக்கும் அந்த மெஷினின் சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியரான சீனிவாச சௌரிராஜன், மற்றவர் சிட்னி லோப். இந்த முறையில் ஒரு பங்கு குடிநீருக்குக் கூடுதலாக மூன்று, நான்கு பங்கு நீர் கழிவாகப் போவது சாதாரணம். தொட்டி நிறைந்ததும் கழிவு ஓடுவது தானாக நிற்கவேண்டும். நிறுத்தும் வால்வு பழுதானால் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தமில்லாமல் சிங்க்கின் சாக்கடைப் பைப்புக்குள். நிமிடத்துக்கு கால் லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 360 லிட்டர். மூன்று நாளில் ஒரு கன மீட்டரைத் தாண்டிவிடும், தண்ணீர்க் கட்டணம் கணக்கிடுவதும் அந்தக் கன மீட்டரில்தான்.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ போகிறது. பில்டர் வால்வை மூடிவிட்டு மறுபடி பாருங்கள், நின்றுவிட்டால் பில்டர்தான். ஆர்ஓ தொட்டியின் மேலுள்ள வால்வை மூடிப் பத்து நிமிடம் பொறுத்து, கழிவு டியூப்பைக் கழற்றிப் பாருங்கள். இன்னமும் ஓடினால் தானாக மூடும் வால்வோ, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வோ போய்விட்டது. இரண்டுமே சின்ன உதிரிப் பாகங்கள்தான். இதற்காகப் புது மெஷின் வாங்கச் சொல்பவரிடம் மெஷின் வாங்க வேண்டாம்.

மாதத் தவணைக்கு எடுத்த மெஷின் ஒழுகினால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். வால்வை மூடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். மூடியைத் திறந்தாலே வாரண்டி போய்விட்டது என்று சொல்லக்கூடும். போனில் பேசினால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பேசியதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். ஆளே வராமல் மாதக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஒப்பந்தத்தின் நகலும் புகார் எண்களும் கையில் இருந்தால் போதும்.

ரிப்பேர் முடிந்ததும் வால்வை மெதுவாகத் திறந்து, காற்று போகும் வரை குடிநீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். மறுபடி டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள். அப்போது ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம், மறுநாள் காலை ஒரு தரம். புதுக் கார்பன் கார்ட்ரிட்ஜ் போட்டிருந்தால் முதலில் வரும் கறுப்பு நீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், தெளிந்த பிறகு குடியுங்கள். கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால், அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைக் கிருமியிடமிருந்து காக்க எதுவும் இல்லை. சில நாள் மூடிக் கிடந்த பில்டரின் முதல் தண்ணீரையும் அதனால் குடிக்கக் கூடாது. கழற்றிய கிண்ணத்தின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள்.

அடுத்த முறை கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது அதே அளவு ஓ-ரிங் ஒன்றும் சேர்த்து வாங்கி வையுங்கள். தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் நாளில், கேஸை மூடும் கையோடு பில்டர் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.